இரண்டாவது ஜோடி

மாடத்தி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். நாள் முழுக்க இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவில் நிற்கும் கால்களுக்கு, புருஷோத்தமனின் ஷூ கடையில் மாட்டிப் பார்த்த பந்தய ஷூ காகிதம்போல் இருந்தது.

"அண்ணாச்சி, கனமே இல்லியே. காலைத் தாங்குமா?"

"சூப்பரா தாங்கும்மா. நடந்து பாரு."

நடந்து பார்த்தால் என்ன தெரியும்? மாடத்தி வாசலைத் தாண்டி வல்லக்கோட்டை சாலையில் ஓடத் தொடங்கினாள்.

புருஷோத்தமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையைத் திறந்து போட்டுவிட்டு ரப்பர் செருப்போடு பின்னாலேயே ஓடினார். திரும்பிப் பார்த்த மாடத்தி, கடைக்காரருக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மகிழ்ந்துபோய் இன்னும் வேகத்தைக் கூட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது அவர் மைல்கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"துட்டு குடுக்காம இன்னாத்துக்குமா ஓடிக்கினு கீற?"

"ஓடிப் பாக்காம எப்படி வாங்க? என் பையும் போனும் உங்க கடையிலதான கெடக்கு."

புருஷோத்தமன் அசடு வழிந்தார். "சரி, ஷூ எப்டி கீது?"

"லேசுதான். ஆனா கணுக்கால் உள்ளுக்குச் சாயுது. குதிகாலைக் கெட்டியாப் பிடிக்குத மாதிரி வேற காட்டுங்க."

அடுத்த ஜோடியை அவள் மாட்டியதும் அவர் கடையைப் பூட்டி, ஸ்கூட்டரை எடுத்தார். ஓடும் அவளுக்குப் பக்கத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, கால் நேராகத்தான் விழுகிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.