சுங்க மாளிகையின் இரும்பு வளையம்

1
மதிப்பிற்குரிய வாசகர்களே, இது என் முதல் கதை. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். இது என் கற்பனையில் உதித்ததன்று. எங்கள் சமையலறையில், ஒரு காலையில், என் காதில் விழுந்தது. அனுமதி கேளாமல் எடுத்துக்கொண்டேன்.

2
‘அலைகள் ஆர்ப்பரிக்கும் அத்தொன்மையான துறைமுக நகரில்...’

(கைவிட்டேன். எங்கள் துறைமுகத்தில் அலைகள் ஆர்ப்பரிப்பதில்லை; தடுப்புச் சுவர் இருக்கிறது.)

என் அண்ணி பழைய நகரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. பீரங்கி மேடை, பண்டகசாலைத் தெரு, கலங்கரை விளக்கம் எல்லாம் காட்டியபின், சுங்க மாளிகைச் சுவரிலுள்ள இரும்பு வளையத்தருகே கூட்டத்தை நிறுத்துவார்.

“முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பலக் கட்டிப்போட்ட வளையம். தொட்டுப் பாருங்க.”

தொடாதவர் எவருமில்லை.

3
நான் சொன்ன அந்தக் காலைக்கு மறுநாள், சுற்றுலாத் துறை அதிகாரி ஒருவர் உடன் நடந்து கேட்டபிறகே அண்ணியின் உரிமம் புதுப்பிக்கப்படும். அண்ணி அடுப்படியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனாரான என் அண்ணன் தேநீரைக் கீழே வைத்தார்.

“அந்த வளையம் நான் அடிச்சது.”

“என்னது?”

“சுவர் பூசறப்போ சாரக் கயிறு கட்ட. பழைய இரும்புக் கடையில வாங்கினது.”

“பன்னெண்டு வருஷமா வாயில பூட்டா போட்டிருந்தீங்க?”

“கழட்டத்தான் வந்தேன். நீ வேலைக்குப் புதுசு. அதப் புடிச்சுக்கிட்டு அவ்வளவு அழகா பேசிட்டிருந்த. மறுநாளும் கேக்க வந்தேன். அடுத்த மாசம் பொண்ணு கேட்டு வந்தேன்.”*

“இத இன்னைக்குத்தான் சொல்லணுமா? நாளைக்கு அந்த ஆளு முன்னாடி நான் எதச் சொல்ல?”

* அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

4
முதல் முடிவு: அண்ணி பழைய கதையையே சொல்கிறார். உரிமம் கிடைக்கிறது. கூட்டத்தில் நிற்கும் அண்ணன் தலையைக் குனிந்து—

(மன்னிக்கவும். எழுத மனம் வரவில்லை.)

இரண்டாம் முடிவு: அண்ணி உண்மையைச் சொல்கிறார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு—

(இதற்குத் துணிவு வரவில்லை.)

5
வேறு வழியின்றி, கைப்பிரதியை அண்ணியிடமே பணிவுடன் நீட்டினேன். நின்றபடியே படித்து முடித்தார்.

“முடிவெல்லாம் நீங்க எழுதாதீங்க தம்பி. படிக்கிறவங்கள காலையில ஒம்பது மணிக்கு சுங்க மாளிகை வாசலுக்கு வந்து கேட்டுக்கச் சொல்லுங்க” என்றார், வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“சுவரோரமா ஒருத்தர் வெக்கப்பட்டுக்கிட்டு நிப்பாரு. வளையத்த மட்டுந்தான் தொடலாம்னு சொல்லிடுங்க.”