நடுக்கடல் பந்தி

எங்கள் எண்ணெய்க் கப்பலில் நீர்மூழ்கிகளுக்குப் பந்தி வைத்துத்தான் டீசல் பரிமாறுவோம். ரேடியோவில் அழைப்பு போகும். அவை மேலே வந்து வரிசையாக உட்காரும். ஒவ்வொன்றின் முன்னாலும் தண்ணீரில் ஒரு தலைவாழை இலை விரிப்போம். கடைசியாக உட்கார்ந்தது முடிக்கும்வரை எந்த நீர்மூழ்கியும் எழுந்திருக்கக் கூடாது. கப்பலும் நகரக் கூடாது. நகர்ந்தால் மரியாதையாக இருக்காது.

ரேடியோ எதிரிக்கும் கேட்கும். கேட்காமல் என்ன செய்யும்? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில். கப்பலில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. இருந்த இடத்தையெல்லாம் டீசலுக்கே கொடுத்தாயிற்று. நான் பரிமாறுகிறவன். வாளியும் கையுமாக நின்றாலும் கண் என்னவோ வானத்திலேயே இருக்கும்.

அன்று வரிசையின் கடைசியில் உட்கார்ந்தது இன்னாசியின் நீர்மூழ்கி. இன்னாசி என் தங்கை செலஸ்டினின் புருஷன். அவளுக்கு நிறைமாதம். பந்தி முடிந்தால் அவனுக்கு லீவு. ஆனால் அந்தச் சனியன் பிடித்த நீர்மூழ்கி சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற ரகம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாப்ள, சட்டுனு முடிக்கச் சொல்லும்வே."

"வேகமா குடிச்சா விக்கும் மச்சான்," என்றான் அவன், மேல்மூடியிலிருந்து தலையை நீட்டி.

அப்போது எதிரி விமானம் வந்தது. ஒரு சுற்று சுற்றிவிட்டு, விமானி கண்ணாடியைத் தள்ளிக் கீழே பார்த்தான்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. சாப்பிடுறவங்க தலையில குண்டு போட மாட்டேன். முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

நல்ல வளர்ப்பு. ஆனால் முடித்தால் குண்டு விழும். அதுவரை விரட்டிக்கொண்டிருந்த நான் இப்போது இன்னாசியின் இலையில் திரும்பத் திரும்ப ஊற்றினேன். "போதும் மச்சான், போதும்" என்று அவன் குனிந்து இலையைக் கையால் மறைத்தான். கைமேலேயே ஊற்றினேன்.

"போதும்னு சொன்னா செத்தோம்வே! குடிக்கச் சொல்லும்!"

தொட்டி காலியானது. எங்கள் என்ஜினுக்கு வைத்திருந்ததையும் வழித்து ஊற்றினேன். அதற்குள் இன்னும் பல விமானங்கள் வந்துவிட்டன. கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி, ஒவ்வொரு நீர்மூழ்கியின் முதுகுக்குப் பின்னாலும் ஒன்று நின்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கப்பல் தலைவர் பூபாலராயரிடம் போய், "தீர்ந்துட்டு," என்றேன்.

"பந்தியில தீர்ந்துட்டுன்னு சொல்லலாமாவே? மானம் போயிரும். தண்ணிய விட்டு நீட்டும்."

வாளியைக் கடலில் முக்கி ஊற்றினேன். நீர்மூழ்கிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மடமடவென்று குடித்துவிட்டு மறுபடியும் கேட்டன. விமானங்களும் பொறுக்கமாட்டாமல் இலை போடச் சொல்லி இடுக்கில் உட்கார்ந்தன. ஊற்ற ஊற்றக் கடல் இறங்கியது. எங்கள் கப்பல் மணலில் தட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. மீன்களைக் கால்மாட்டில் ஒதுக்கிவிட்டுப் பரிமாறினேன்.

இன்னாசி மணலில் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினான். "பந்தியில உக்காந்தது நீர்மூழ்கிதான மச்சான், நான் இல்லையே. வாரும், போவோம். அவ ஒத்தையில கெடப்பா."

கூடவே ஓடிவிடலாமா என்று இருந்தது.

"பரிமாறுறவன் பாதியில போவ முடியுமா மாப்ள? நீரு நடையும். திரும்பிப் பாக்காதிரும்."

அவன் கரைப்பக்கமாக நடந்தான். வெட்டவெளி. ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. நான் அவனையும் பார்த்தேன், வாளியையும் பார்த்தேன். வாளி தரையில் கரகரவென்று உரசியது. கடல் தீர்ந்துவிட்டது.

முதல் விமானி ஏப்பம் விட்டான். "அவ்வளவுதானே?" என்று இலையை மடிக்கக் கையை நீட்டினான்.

இன்னாசி இன்னும் பாதித் தூரம்கூடப் போயிருக்கவில்லை.

"பொறும், பொறும். பாயசம் இருக்கு," என்றேன்.

விமானி கையை எடுத்துக்கொண்டான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கடலைக் கொண்டுவரப் போனேன்.