யாரும் உட்காரக் கூடாத நாற்காலி

இத்தால் சகலமான பேருக்கும் அறிவிக்கப்படுவது: காலஞ்சென்ற பள்ளி முதல்வர் அமர்ந்து அறிவொளி பரப்பிய பிரம்பு நாற்காலியில், இனி மனித குலத்தைச் சேர்ந்த எவரும் உட்காரக் கூடாது. இப்படி அவருடைய நினைவுக் குழு, அவர் வீட்டு முன் அறையில் கூடி, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

தீர்மானம் நிறைவேறிய நேரத்தில் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல்வரின் மனைவி. கால் இரண்டும் வெந்நீர் வாளிக்குள் இருந்தன.

"அம்மா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா..." என்று இழுத்தார் குழுவின் செயலாளர். இரும்புக் கடைக்காரர், முதல்வரிடம் படித்தவர். நாற்காலியைச் சுற்றிக் கட்டுவதற்குத் தம் கடையிலிருந்தே சிவப்புக் கயிறு கொண்டு வந்திருந்தார்.

"தண்ணி ஆறட்டும்ப்பா. முட்டி இப்பத்தான் இளகுது."

குழு வாளியைப் பார்த்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது, பெரியவங்கல்லாம் நிக்கிறாங்க" என்றான் மகன். அப்பாவின் சாவுக்கு வந்தவன். வெளியூர் வேலைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"நிக்கட்டுமே. பழகிடும்."

குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். முதல்வருக்குத் துணை முதல்வராகவே இருந்து, துணை முதல்வராகவே ஓய்வு பெற்றவர் அவர். இந்த நாற்காலியைப் பக்கத்தில் நின்று பார்த்தே தலை நரைத்தவர்.

"நம்ம ஸ்கூல்ல தப்பு பண்ணுன பிள்ளைய நாள் பூரா நிக்க வெப்பாங்க. அவர் வந்த முதல் நாளே அதை ஒழிச்சார். நிக்கிற பிள்ளைக்குப் பாடம் காதுல ஏறாது, கால்லதான் வலிக்கும்னு சொன்னார். அப்பேர்ப்பட்ட மகான்!"

அது உண்மைதான். தாமதமாக வந்தவன், கணக்கில் முட்டை வாங்கியவள், பந்தடித்துக் கண்ணாடி உடைத்தவன், எவர் எதிரே வந்தாலும் முதல்வர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "உட்காரு." பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'உட்காரு சார்'. அந்த வார்த்தையை அவரிடமிருந்து ஒருமுறைகூடக் கேட்காதவர் ஊரில் ஒருவர்தான். அவர்தான் இப்போது வாளியில் கால் வைத்திருந்தார்.

கணவர் உட்கார்ந்திருக்கும்போது மனைவி எதிரே உட்காரக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். யாரும் எழுதி ஒட்டவில்லை. மாமியார் நின்றார், மருமகளும் நின்றார். முதல்வர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. கதவு நிற்பதைப் பார்த்து யாராவது கால் வலிக்குமே என்று நினைப்பார்களா? அதுபோல அவரும் நினைக்கவில்லை. படுக்கையும் அப்படித்தான். அவருக்குப் படிக்க அமைதி வேண்டும் என்று முன் அறை அவருக்கு. சமையலறைக்குப் பின்னால் சாமான் அறை அம்மாளுக்கு.

அவர் போன மறு வாரமே அம்மாள் தம் மெத்தையை முன் அறைக்கு இழுத்து வந்துவிட்டார். குழுவின் இரண்டாவது தீர்மானமோ இந்த முன் அறையை அப்படியே நினைவிடமாக்குவது.

"அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் செயலாளர், பெரிய சலுகை வழங்கும் முகத்துடன். "வழக்கம்போல உள்ள இருந்துக்கலாம். தூசி தட்டி, வர்றவங்களுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தாப் போதும்."

"உள்ளன்னா?"

"நீங்க எப்பவும் படுக்கிற ரூம்தாம்மா."

"அதுல ஜன்னல் இல்ல."

குழுவுக்கு இது புதுச் செய்தி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜன்னல் வெச்சுட்டாப் போச்சு" என்றான் மகன்.

"அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவருடா. அதப் பாத்துக்கிட்டுப் படுக்கவா?"

"அம்மா, ஏகமனதா தீர்மானம் போட்டாச்சு..." என்றார் செயலாளர்.

"அதுல என் மனசக் கேட்டீங்களாப்பா?"

தலைவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். குரல் தழுதழுத்தது. "அண்ணி, இப்ப அவர் இங்க இருந்தா என்ன சொல்லுவார்னு யோசிச்சுப் பாருங்க."

அம்மாள் யோசித்தார். "ஸ்கூலா இருந்தா உட்காருன்னு சொல்லுவாரு. இங்கன்னா தண்ணி கொண்டான்னு சொல்லுவாரு."

செயலாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நல்ல இருமல் இல்லை அது, சிரிப்பை விழுங்கிய இருமல்.

அம்மாள் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குழு நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் நாற்காலியை வாசல் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கு நாற்காலிதானே வேணும்? தாராளமாத் தூக்கிட்டுப் போங்க. மாலை போடுங்க, கயிறு கட்டுங்க. ரூம் எனக்கு. ஜன்னலோரமா கட்டில் போடப் போறேன், அளவெடுத்தாச்சு."

"அம்மா, ஊரு என்ன சொல்லும்?" என்றான் மகன்.

"நீதான் நாளைக்கு ஊருக்குப் போறியே. உனக்கென்ன கவலை?"

தெருவில் நாற்காலியை நடுவில் வைத்துக் குழு மறுபடி கூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்கள். அங்கே உடைந்த நாற்காலிகளுக்கே இடமில்லையாம். செயலாளர் வீட்டுக்கு?

"எங்க வீட்டம்மா என்னையே வெளிய போடுவா சார்."

வேறு வழியின்றி, அந்தப் பெரும் பாரத்தைத் தலைவரே ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொள்ளும்போது அவர் முகத்தில் துக்கம் அவ்வளவாக இல்லை. வழி நெடுக, பெண்களை மதித்த அந்த மாமனிதரைப் பற்றி ஆட்டோக்காரருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே போனார்.

தலைவர் வீட்டு முன் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், அவர் மனைவி துணி தைத்துக்கொண்டிருந்தார்.

"இத எங்கங்க வைக்கிறது?"

"ஜன்னல்கிட்டதான். எப்பேர்ப்பட்டவர் உட்கார்ந்த நாற்காலி!"

"அப்ப மிஷினு?"

"உள்ள தள்ளிக்கோ."

தையல் மிஷின் உள்ளே போனது.