கூட்டாளியின் தலைநகரம்

பனியன் கம்பெனிக்கு லீவு. ராயபுரத்தில் பாரூக் வீட்டில், அட்டையும் பகடையும் வைத்து ஆடும் போர் விளையாட்டு நடந்தது. அதில் பாரூக்கும் தங்கதுரையும் நட்பு நாடுகள். ஆனால் தங்கதுரை தன் செல்வாக்குப் புள்ளிகளை எல்லாம் கவிழ்த்து வைத்த அட்டையில் எழுதி, பாரூக்கின் தலைநகரத்தில் ரகசியமாக இறக்கியிருந்தான். பகடையில் ஆறு விழுந்தால் அங்கே ஆட்சி கவிழும். யாரைக் கவிழ்க்கப்போகிறோமோ அவன் வீட்டுச் சமோசாவையே எந்த முகத்தோடு தின்பது? ஒன்றோடு நிறுத்திக்கொண்டான்.

அட்டையைத் திருப்பிச் சதியை அறிவித்து, பகடையை உருட்டினான். இரண்டுதான் விழுந்தது. சதியும் போச்சு, மானமும் போச்சு.

பாரூக் தன் அட்டைகளைத் திருப்பினான். அவன் புள்ளிகள் அத்தனையும் தங்கதுரையின் தலைநகரத்தில் கிடந்தன.

"அடுத்த ரவுண்டுல உங்களைக் கவுத்தலாம்னு இருந்தனுங்க. முந்திக்கிட்டீங்க."

"அடப்பாவி மனுசா!"

தலையிலிருந்து ஒரு பண்டல் பனியனை இறக்கி வைத்தது போலிருந்தது தங்கதுரைக்கு. தட்டை இழுத்து இரண்டாவது சமோசாவை எடுத்தான்.