சீரகத்தூள் இரண்டு ஸ்பூன்

என் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பேருக்காவது மாத்திரை எண்ணிக் கொடுப்பாள். தான் ஒரு மாத்திரைகூட விழுங்க மாட்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் கிண்டல் செய்தால், "நீங்க மட்டும் என்ன? நானூறு பேருக்குச் சமைக்கிறீங்க, அதுல ஒரு வாய் சாப்பிடறதுண்டா?" என்று திருப்பிக் கேட்பாள். அதுவும் உண்மைதான். டயர் தொழிற்சாலை கேன்டீனில் பதினாறு வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். பசித்தால் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவேன்.

வீட்டிலும் நான்தான் சமையல். கல்யாணமான முதல் வாரம் அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டதும் நானாகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. அவளும் சண்டை போடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் மாமனார், தட்டில் பாதிக் கறி மிச்சமிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தார். ஐம்பத்து நாலு வயது. இதயக் குழாய் மூன்றும் அடைத்துக்கொண்டிருந்ததை டாக்டர் படத்தில் காட்டினார். ஆள் பிழைக்கவில்லை. அன்றோடு அவள் கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டாள். "எனக்கும் அதே உடம்புங்க. அதே மூக்கு, அதே கோபம். நெஞ்சு மட்டும் வேறயா இருக்கப் போகுதா?" என்றாள். நான் தடுக்கவில்லை. ஒரே வருடத்தில் அவளுடைய கொழுப்பு அளவு நன்றாக இறங்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஆனால் ரத்தமும் இறங்கியது. ஒரு நாள் கடையில் மேல் தட்டிலிருந்து மருந்து எடுக்க ஸ்டூலில் ஏறியவள் தலை சுற்றி விழுந்தாள். நெற்றியில் மூன்று தையல். பரிசோதனையில் ரத்த அளவு ஏழு புள்ளி ஒன்பது என்று வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை. "கொஞ்சம் ஈரல், கறி சேத்துக்கிட்டா சீக்கிரம் ஏறும். வேண்டாம்னா இப்ப சாப்பிடறதையே சாப்பிடுங்க, அதுலயும் ஏத்தலாம். ஆனா இரும்பு மாத்திரையும் பி-12ம் ஒரு நாள் விடக் கூடாது. கறியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்னா என்கிட்ட வராதீங்க" என்றார்.

மாத்திரையை நாலு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே வாந்தி. அதோடு நிறுத்திவிட்டாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. சாயங்காலம் திரும்பி வரும்போது இரண்டாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "நீங்க போங்க, நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரேன்" என்பாள். உதடு வெளுத்திருக்கும். நான் மேலே வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அழுதிருக்கிறேன். வெங்காயம் நறுக்குகிற ஆளுக்கு அதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். "ஒரே ஒரு துண்டு ஈரல். மருந்துன்னு நினைச்சுக்கோ."

"அப்பா தட்டு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பேசவில்லை, செய்தேன். ஆட்டு ஈரலை வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கேன்டீன் அடுப்பில் இளஞ்சூட்டில் காயவைத்து, மாவாக அரைத்தேன். நிறம் அசல் சீரகத்தூள். வாடையை அடக்கக் கொஞ்சம் நிஜச் சீரகமும் வறுத்துச் சேர்த்தேன். வீட்டுச் சீரகத்தூள் டப்பாவைக் காலி செய்து அதில் நிரப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஈரலைப் பீட்ரூட் சூப்பில் மறைக்கலாம்.

முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு என்னங்க, இவ்வளவு நல்லா இருக்கு?" என்றாள். சொன்னால் வெட்கக்கேடு, அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தினமும் ஒரு கிண்ணம் குடித்தாள். மூன்று மாதத்தில் பன்னிரண்டு புள்ளி ஒன்று. அந்தச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து, "பாத்தீங்களா? கறியும் இல்ல, மாத்திரையும் இல்ல. வெறும் சூப்!" என்று என் தோளில் குத்தினாள். டாக்டரம்மா மட்டும் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அங்கிருந்த எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தேன்.

மனைவி பிழைத்துவிட்டாள், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். பழகிவிட்டால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

அப்புறம்தான் என் மச்சினி போன் செய்தாள். மனைவியின் ஒரே தங்கை, பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். அக்காவைப் பார்த்து அவளும் கறி, முட்டையை விட்டிருந்தாள். ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, கறியைச் சாப்பிடச் சொல்கிறார்கள், அப்பா ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது என்று அழுதாள்.

"என்னைப் பாருடி. நான் ஏழு புள்ளி ஒன்பதுல இருந்து ஏறி வந்தவ" என்று ஆரம்பித்தாள் என் மனைவி. போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். "உங்க மச்சினிக்கு சூப் சொல்லுங்க. அவ எழுதிக்கட்டும்."

சொன்னேன். பீட்ரூட் இரண்டு. பருப்பு ஒரு கைப்பிடி. தக்காளி, பூண்டு, மிளகு, ஒரு பிடி கீரை, கடைசியில் எலுமிச்சை. சொல்லி நிறுத்தினேன்.

"சீரகத்தூளை விட்டுட்டீங்களே" என்றாள் மனைவி. "தினமும் பாக்கறேன், குவிச்சு ரெண்டு ஸ்பூன் போடுவாரு. எழுதிக்கோடி."

"ரெண்டு ஸ்பூனா மாமா?" என்று போனிலிருந்து குரல் வந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? "ஆமா" என்றேன். "ஆனா மாத்திரையை விட்டுடாதம்மா" என்றும் சொன்னேன். "அக்கா விட்டாளே மாமா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

நடுவில் ஒரு தடவை பேசினாள். "மாமா, பயங்கரமா கசக்குது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன். குழந்தைக்காகத்தானே." இரண்டு ஸ்பூன் சுத்தச் சீரகத்தூள் கசக்காமல் என்ன செய்யும்? ஒரு ஸ்பூன் போதும் என்றேன். அவள் கணவன் பார்த்துக்கொள்வான், அங்கே இருக்கிற டாக்டர் விடமாட்டார், சின்ன வயது, உடம்பு தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேன்டீனில் ஒரு தொழிலாளி சாப்பாட்டில் முடி கிடந்தால்கூட ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிற ஆள் நான்.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஆறு புள்ளி எட்டுன்னு வந்திருக்கு." மச்சினிதான். "இன்னிக்கே சேரச் சொல்லிட்டாங்க. ரத்தம் ஏத்தணுமாம். குழந்தை வளர்ச்சி கம்மியா இருக்குன்னு சொல்றாங்க. நான் ஒரு நாள்கூட விடலையே அக்கா. மாமா இருக்காரா? மாமா, நீங்க சொன்னதெல்லாம் அப்படியே போட்டேன். உங்க சூப் மாதிரி வரலை. நான் எதை விட்டுட்டேன் மாமா?"

சீவிய தோல் கையிலேயே இருந்தது. விரலெல்லாம் சிவப்பு.

"நீ எதையும் விடலம்மா. நான்தான் விட்டேன்" என்றேன். "அது சீரகத்தூள் இல்ல. ஈரல்."

நான் முழுவதையும் சொன்னேன்: கேன்டீன் அடுப்பு, அரைத்தது, டப்பா. சொல்லி முடித்ததும் மச்சினி கேட்டது ஒன்றுதான்: "அப்ப அக்காவுக்கு ஏறினது..." அவளை முடிக்க விடாமல், "நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் குடுக்கறதை எல்லாம் போட்டுக்கோ. நான் கிளம்பி வரேன்" என்று சொல்லி மனைவி போனை வைத்தாள்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாந்தி எடுக்க முயற்சி செய்கிற சத்தம் கேட்டது. நாலரை மாதத்தை எப்படி வாந்தி எடுக்க முடியும்?

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் செத்துருவேன்னு பயந்தீங்க. அது புரியுது. என்கிட்ட ஏன் கேக்கல?"

"ஒரு தடவை கேட்டேனே."

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல?"

"நீ படியில உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியல."

"என்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை பாத்திருப்பேன். மருந்துக் கடையில நிக்கறவ நான். வயித்தைப் படுத்தாததுன்னு ரெண்டு மூணு வகை அங்கேயே இருக்கு. பிடிவாதத்துல நானும் பாக்காம இருந்தேன், அது என் தப்பு. ஆனா பாக்க வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டீங்களே. சூப்பே போதும்னு நான் என் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். என் தங்கச்சிகிட்ட சொன்னேன்." பையில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். "அவ வயித்துல இருக்கிறதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது நான் சொல்லி ஆனதா, நீங்க சொல்லாம ஆனதா?"

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். தங்கைக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவள் முட்டை, கறி, மாத்திரை எல்லாவற்றுக்கும் திரும்பிவிட்டாள். என் மனைவி திரும்பவில்லை. வேறு மாத்திரை வாங்கி எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டாள். பயறு, கீரை, விதை எல்லாவற்றையும் அளந்து தானே சமைத்தாள். உப்பு ஒரு நாள் இருக்காது, ஒரு நாள் கரிக்கும். எனக்கும் ஒரு தட்டு வைப்பாள். வைத்துவிட்டு, "பயறு, கேரட், எண்ணெய், உப்பு, மிளகு" என்று அதில் இருப்பதையெல்லாம் சொல்லுவாள். வேறு பேச்சு இல்லை. அந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டே மூன்று மாதம் சாப்பிட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

குழந்தை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்தது. ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது பால் குடிக்கிறது. படத்தை மனைவிக்குத்தான் அனுப்புகிறார்கள். அவள் எனக்குக் காட்டினாள். பாதம் என் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது.

அதே வாரம் அவளுடைய புதுச் சீட்டும் வந்தது. பதினொன்று புள்ளி நாலு. என் சூப் ஏற்றியதைவிடக் கம்மி. பழைய இடத்திலேயே ஒட்டினாள்.

"இது நான் ஏத்தினது" என்றாள்.

"தெரியுதும்மா."

பிறகு அடுப்புப் பக்கம் பார்த்து, "என் சமையல் எனக்கே சகிக்கல. நீங்க சூப் வைங்க" என்றாள். "நான் பக்கத்துல நிக்கிறேன்."

பதினாறு வருடத்தில் என் அடுப்படியில் எத்தனையோ அதிகாரிகள் வந்து சோதனை போட்டிருக்கிறார்கள். இப்படி எனக்கு வியர்த்ததில்லை. பீட்ரூட் நறுக்கினேன். பருப்பைக் கழுவினேன். ஒவ்வொன்றையும் அவள் பார்க்கும்படி உள்ளங்கையில் காட்டிவிட்டுத்தான் போட்டேன். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் புதிதாக வாங்கிய சீரகத்தூள் டப்பாவைத் திறந்தேன்.

கையை நீட்டினாள். கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.