இரும்பு மண்டையனுக்கு ஒரு சிவப்புப் போர்வை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரில் கிடைத்தது. பழைய சித்திரக்கதை நாயகர்களைக் கையாலேயே பொம்மையாகச் செய்துதரும் ஒருவரின் பட்டறைச் சுவர். அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் வில்லன் பொம்மை ஒன்று, நாயகன் தோளில் கட்டிப் பறக்கும் சிவப்புப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். பொம்மைக்காரர் சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று பிரித்துக் கேட்காதீர்கள்.

2

"மழை தூறிய ஒரு மாலையில்" என்று தொடங்கி அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். பஸ் ஓட்டும் பெண்மணி ஒருவர், வேலைச் சட்டையோடே பட்டறைக்கு வந்து நைந்த சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை நீட்டினார்.

"புயல் வீரன் வேணும் சார். கடைசிப் பக்கத்துல இருக்கிற மாதிரி. தம்பிக்குப் பிறந்தநாள்."

பொம்மைக்காரர் புரட்டினார். "கடைசிப் பக்கத்தையே காணோமேம்மா?"

"வாங்கும்போதே இல்ல சார். பழைய புத்தகக் கடைச் சரக்கு."

"இல்லாத பக்கத்தை எப்படிச் செய்யறது?"

அந்தப் பெண்மணி சிரித்தார். "இரும்பு மண்டையன் ஆத்துல முழுகறதோட நின்னுடுது, பாருங்க. தம்பிக்கு அப்போ காய்ச்சல். படிக்கவும் தெரியாது. 'அப்புறம்? அப்புறம்?'னு உயிரை எடுத்தான். புயல் வீரன் குதிச்சு அவனை இழுத்துப் போட்டு, தன் போர்வையைப் போர்த்திவிட்டான்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 'கெட்டவனுக்கா?'ன்னான். 'அவனுக்கும் குளிருமேடா'ன்னேன். அப்புறம்தான் தூங்கினான். இன்னைக்கும் எவனாவது நடுங்கினா சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வந்து நிப்பான். அவன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா."

பிறகு குரல் தணிந்தது. "புத்தகத்துல இருக்குன்னுதான் நம்பிட்டிருக்கான். அது மட்டும் உடையக்கூடாது சார்."

3

ஒரு பொத்தான் இடம் மாறினாலும் பொம்மைக்காரருக்குச் சோறு இறங்காது. சேகரிப்பாளர் ஒருவரிடம் முழுப் புத்தகத்தை இரவல் வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் புயல் வீரன் போர்வை படபடக்கப் பறந்துபோகிறான். ஆற்றில் குமிழிகள் மட்டும்.

(இந்த இடத்தில் அவரைக் கல்மனசுக்காரராக்கிப் பார்த்தேன். கதைக்கு வலு சேருமே என்று. மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

பொம்மைகளுக்கு உடை தைப்பவர் அவர் மனைவி. "என்னங்க, முகம் ஏன் தொங்கிக் கிடக்கு?"

"உண்மை வேற மாதிரி இருக்கு" என்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அந்தப் பையன் நிம்மதியாத் தூங்கினது பொய்யா?" என்றவர், உடைந்த குடை ஒன்றின் சிவப்புத் துணியை* வெட்டத் தொடங்கினார்.

* குடைத்துணி மெல்லியது. இத்தனூண்டு தோளிலும் அழகாக மடிந்து விழும்.

4

புயல் வீரனின் தலைமுடியை நெற்றியில் ஒட்டவைத்தார். ஈரம் தெரிய வார்னிஷ் பூசினார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும்படி இரும்பு மண்டையனுக்கு மூட்டு வைத்தார். முழுப் புத்தகம் இழுப்பறைக்குள் போனது.

முடிவு ஒன்று: பொம்மையைப் பார்த்ததும் அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு— வேண்டாம், எல்லாக் கதையிலும் அழுகிறார்கள்.

முடிவு இரண்டு: மின்விசிறிக் காற்றில் அந்தப் புத்தகம் புரண்டு, கடைசிப் பக்கம்— பட்டறையில் மின்விசிறி வைக்க மறந்துவிட்டேன்.

5

நடந்தது இவ்வளவுதான். நரைத்த தலையோடு தம்பி வந்தான். பொம்மைகளைத் தொடக்கூடத் தயங்கினான். "அக்கா, அப்படியே இருக்குக்கா!"

அக்காவுக்குப் போன் வந்தது, வாசலுக்குப் போனார். தம்பி பொம்மைக்காரரின் காதருகே குனிந்தான்.

"சார், நீங்க முழுப் புத்தகத்தைத் தேடிப் பார்த்திருப்பீங்களே?"

பொம்மைக்காரரின் கை தானாக இழுப்பறையை அழுத்திக்கொண்டது.

"எங்கிட்டயும் இருக்கு சார். காலேஜ் நாள்லயே கிடைச்சுது. அக்காகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"அப்போ இந்தப் பொம்மை தப்புன்னு..."

"தப்பா? அக்கா சொன்னதுதான் சார் சரி. புத்தகத்துலதான் மாத்திப் போட்டுட்டாங்க."

அக்கா திரும்பி வந்துவிட்டார். "என்னடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

தம்பி வாயைத் திறந்தான்.

இதற்கடுத்த பக்கத்தை நான் கிழித்துவிட்டேன். உங்கள் பக்கத்திலும் யாராவது "அப்புறம்?" என்று கேட்டபடி படுத்திருக்கலாம். அவர்களுக்குக் குளிராத மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள்.