பழைய போர்டுக்குப் பொருந்தியது

சாணார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆட்டோ பிடித்து, நாகல் நகரில் கிதர் முகம்மதின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சிபியூவை இறக்கி வைத்தபோது அல்போன்சாவுக்கு இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கல்யாண மாதம். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டு, ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பவள் அவள். டிசைன்கள் அத்தனையும் இந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான். அது விழித்தெழவே அரைமணி நேரம் பிடிக்கும். எழுந்தாலும் பாதி வேலையில் அசையாமல் நின்றுவிடும்.

பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"மக ரீனா கோயம்புத்தூர்ல இருந்து ஆன்லைன்ல வாங்கி அனுப்பிருக்கா, பாய். மாட்டுனா பறக்கும்னா. எங்க மாட்டுறதுன்னே தெரியல."

கிதர் முகம்மது பெட்டிக்குள் இருந்த, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் பட்டையான சேமிப்புச் சில்லைப் பார்த்தார். பிறகு சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதினார்.

"இதுக்கு இந்த மதர்போர்டுல இடமே இல்லம்மா. இது புது மாடலுக்கு உள்ளது. உங்களுது பதிமூணு வருசத்து போர்டு."

"நடுவுல ஏதோ கார்டு வச்சு மாட்டலாமாமே?"

"மாட்டலாம். ஆனா இந்த போர்டு அதுல இருந்து ஸ்டார்ட் ஆகாது. பேசாம புது கம்ப்யூட்டரா வாங்கிருங்களேன்."

"எம்பிராய்டரி சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவரு கடையையே மூடிட்டுப் போயிட்டாரு. புதுசுல அது ஏறாது."

அவர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் தட்டையான ஒன்றை எடுத்தார். "அப்பன்னா இதுதான். சாட்டா எஸ்எஸ்டி, வேகமான டிஸ்க்கு. ஹார்டு டிஸ்க்ல இருக்கிற அதே வயரை இதுல மாட்டிக்கலாம். உங்க டிஸ்க்ல நூத்தம்பது ஜிபி நிறைஞ்சு கிடக்கு, அதனால இருநூத்தி நாப்பது எடுத்துக்கங்க. பழைய போர்டுல இதோட முழு வேகம் வராது. இப்ப ஓடுறதுக்கு எவ்வளவோ மேல்."

"டிசைன் ஒண்ணும் போயிராதுல்ல?"

"விண்டோஸ் புதுசா போட மாட்டேன். இருக்கிறத அப்படியே நகல் எடுத்துருவேன். மூணு மணி நேரம் ஆகும். போயிட்டு வாரீங்களா?"

போக எங்கே இடம்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் நீலக்கோடு ஊர்ந்தது. நான்கு சதவீதம். ஏழு. பன்னிரண்டை அவள் பார்க்கவில்லை.

கண் விழித்தபோது மேஜை மின்விசிறி அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. பதறி எழுந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"ரெண்டரைக்கே முடிஞ்சுது."

"எழுப்பக் கூடாதா பாய்? அம்புட்டு வேலை கிடக்கு அங்க!"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை கூப்பிட மனசு வரல," என்றார் அவர், கையிலிருந்த வேலையிலிருந்து தலை நிமிராமல்.

அவர் பொத்தானை அழுத்தினார். அவள் முந்தானையைச் சரிசெய்வதற்குள் அவளுடைய டிசைன்கள் வரிசையாக வந்து நின்றன. மாங்காய் டிசைன் ஒன்றைத் திறந்தாள். தொட்டதும் திறந்தது. சந்தோஷப்பட வேண்டும்தான். ஆனால் காலையில் அது எழுகிற வரை கடுங்காப்பியோடு சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரமும் இனி இல்லை என்பதுதான் முதலில் மனதில் பட்டது.

போன் அடித்தது. கணவர் பாஸ்கல்.

"எங்க இருக்க? ரவிக்கை கேட்டு ரெண்டு பேரு வந்து உக்காந்திருக்காங்க. ஆயிருச்சா, இல்லையா?"

ஒளிர்ந்துகொண்டிருந்த திரையை அல்போன்சா பார்த்தாள்.

"இன்னும் செத்த நேரம் ஆகும். அவங்களுக்கு டீ போட்டுக் குடுங்க."

கிதர் முகம்மதுக்குக் கேட்டிருக்கும்.

மதியம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சிபியூ இங்கயே இருக்கட்டும் பாய், இதோ வாரேன்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து டீக்கடைக்குப் போனாள். இரண்டு வடையும் ஒரு டீயும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவசரப்படாமல் சாப்பிட்டாள்.